விமான விபத்துகளும் விசாரணைகளும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 13, 14 ஆகிய இரு தேதிகளில், தமிழ்நாட்டில் இரண்டு பயிற்சி விமானங்கள் தாம் இறங்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் பூமியைத் தொட்டன. முதல் நாள், சேலத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த சிறு செஸ்னா விமானம் நடுவானில் கோளாறு கண்டு, புதுக்கோட்டை - திருச்சி நெடுஞ்சாலையில் கீரனூர்ப் பக்கத்தில் இறங்கிற்று. அதிலிருந்த இருவரும் பிழைத்தனர். சாலையில் போவோர் வருவோருக்கும் தீங்கு நேரவில்லை. மறுநாள் பிற்பகல் சுமார் 2-25 மணிக்கு, நமது விமானப் படையின் பிலாட்டஸ் பி.சி.7 ரகப் பயிற்சி விமானம் ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கத்தில் விழுந்து நொறுங்கிற்று. விமானி ஆசனத்தோடு வெளியே பாய்ந்து பாராசூட்டின் உதவியால் உயிர் தப்பினார். கீழே இருந்தவர்களில் ஒருவர்கூட மாளவில்லை. இரண்டு இடங்களிலும் ஜனங்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பத்திரிகைகள் படங்களைப் பிரசுரித்தன. ஒரு வாரத்திற்குள் இரண்டு சம்பவங்களும் பேச்சிலிருந்து மறைந்து போயின.

உயிர்ச்சேதம் இல்லாத விபத்தை எளிதில் மறந்துவிடுவது மனித சுபாவம். ஆனால் அத்தகைய விபத்தே அதிகமாக ஆராயத்தக்கது என்பது நமது அபிப்பிராயம். விமானி உயிரோடிருக்கிறார், நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவராக இருக்கிறார். மாண்டவர்களை வைத்துக்கொண்டு ஊகம் செய்ய வேண்டிய அவசியமில்லை. இவ்வளவு வசதி இருந்தும், விசாரணையின் பலன் பொது ஜனங்களுக்கும், மற்ற விமானிகளுக்கும், பயிற்சிப் பள்ளிகளுக்கும் எட்டாமற்போனால், இறைவன் அளித்த தருணத்தை நாமே வீணாக்கியவர்களாவோம்.

தென் சென்னையின் புறநகரங்களில் வசிப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமன்று. இந்தியாவில் விமானம் பறந்த ஆதி ஸ்தலங்களில் பல்லாவரமும் ஒன்று. 1910-ம் வருஷத்திலேயே சென்னையில் ஹோட்டல் நடத்தி வந்த டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரின் பட்டறையில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்து மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டு வந்த தபாலை, அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் நெவில் வின்ஸென்ட். அவர் ஓட்டி வந்ததும் ஒற்றை யந்திரச் சிறு விமானமே. விமானப் படையின் ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் விமான ஆசிரியர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் ஆரம்பிக்கப்பெற்று 1954-ல் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வரும் விமானிகள் மற்றவர்க்குக் கற்பிக்கும் வித்தையைக் கற்றுப் போவது நமது சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் மேலேதான். பள்ளி வந்த காலத்தில் சுற்றிலும் வயல்களும் ஏரிகளுமாயிருந்த பூமி இன்று வீடுகளால் நிறைந்துவிட்டது. வீடுகள் விமானத்தை நோக்கி வந்தனவா, விமானம் வீடுகளை நோக்கி வந்ததா என்ற வாதம் இனிப் பயனற்றது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

தாம்பரம் சோகம் அறியாத ஊருமன்று. 2016 ஜூலை 22-ம் தேதி இங்கிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலின் மேல் மறைந்து போயிற்று. அதன் சிதைவுகள் கடலுக்கடியில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டன என்ற செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. அது இறங்கும்போது நேர்ந்த விபத்தன்று; இறங்கவே கொடுத்து வைக்காத விமானம் அது. நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் அதனினும் சிறியது, ஆனால் அடிக்கடி நிகழ்வது.

விமானம் ஓட்டுவதில் கடினமான பாகம் ஏறுவதன்று, இறங்குவதே. ஏறும்போது யந்திரத்தின் முழு பலமும் விமானிக்குத் துணை நிற்கிறது. இறங்கும்போதோ அவர் அந்தப் பலத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு, கையிலிருக்கும் உயரத்தையும் வேகத்தையும் சிறிது சிறிதாகச் செலவழித்து, இரண்டும் ஓடுபாதையின் ஆரம்பத்தில் ஒரே சமயத்தில் தீரும்படி கணக்கிட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் முன்னால் தீர்ந்தாலும் ஆபத்து. பின்னால் தீர்ந்தாலும் ஆபத்து. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 ரகத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் அதன் இறக்கை விமானத்தைத் தாங்காது. அது ஓடுபாதையை நோக்கி வரும் வேகமோ மணிக்கு 115, 120 கிலோமீட்டர். ஆக, விமானிக்கும் விபத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மணிக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர்தான். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு வினாடியில் குறைத்துவிடக்கூடிய வேகம் அது.

இறக்கை தாங்குசக்தியை இழக்கும் இந்த நிலையை விமானிகள் ‘ஸ்டால்’ என்பார்கள். இது யந்திரம் நின்றுபோவதைக் குறிப்பதன்று. யந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போதும் நேரலாம். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓர் அளவுக்கு மேல் போய்விட்டால், மேற்புறத்துக் காற்றோட்டம் கலைந்து, இறக்கை வெறும் தகடாகிவிடுகிறது. விமான சாஸ்திரத்தின் பிதாக்களில் ஒருவரான ஜெர்மனியின் ஆட்டோ லிலியென்தால் 1896-ல் மாண்டது இதனாலேயே. அதற்குப் பிறகு எத்தனையோ யந்திரங்கள் மாறியும் இந்த ஒரு விதி மாறவில்லை.

சிறு விமானம் இறங்குமுன் மைதானத்தை நாற்கோணமாகச் சுற்றி வருகிறது. கடைசித் திருப்பத்தில் ஓடுபாதைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பின்புறத்துக் காற்று தள்ளிவிட்டால் விமானம் அந்த நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடும். அப்பொழுது அனுபவமில்லாத விமானி என்ன செய்கிறார்? தாண்டிய தூரத்தை எப்படியாவது மீட்டுவிட வேண்டுமென்று விமானத்தை அதிகமாகச் சாய்க்கிறார். காலால் சுக்கானை அழுத்தித் திருப்புகிறார். மூக்கு தாழ்வதைக் கண்டு கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். இந்த மூன்று காரியங்களும் தனித்தனியே பார்த்தால் இயல்பானவை. மூன்றும் சேர்ந்தால் மரணம். 60 டிகிரி சாய்வில் உயரம் குன்றாமல் திரும்பும் விமானத்தின் பாரம் இரு மடங்காகிறது. அதைத் தாங்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் நூற்றுக்கு 41 பங்கு உயர்ந்துவிடுகிறது. நேராகப் பறக்கையில் 90-ல் தாங்கிய இறக்கை இப்பொழுது 127-க்குக் கீழே தாங்காது. விமானமோ 120-ல் வந்துகொண்டிருக்கிறது. உள்பக்கத்து இறக்கை திடீரென்று விழ, விமானம் சுழன்று கொண்டு கீழே பாய்கிறது. உயரே இருந்தால் மீட்கலாம். நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் மீட்பதற்கு இடமேது?

இதனோடு ஒப்பிட்டால் ஓடுபாதையின்மேல் நிகழும் தவறுகள் சாதாரணமானவை. வேகம் மிஞ்சி வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்து கொண்டே போகும். விமானி பொறுமையிழந்து அதைத் தரையில் அமுக்கினால் பந்து போலத் துள்ளும். துள்ளியதைக் கண்டு அவர் மூக்கைத் தாழ்த்தினால், மெலிந்த முன்சக்கரம் முதலில் மோதி முறியும். புரொப்பெல்லர் நிலத்தைக் கீறும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் விமானம் பாதையை விட்டு விலகிப் புல்லில் ஓடும். பழைய டைகர் மாத் விமானங்களுக்கு வாலில் சக்கரமேயில்லை, ஒரு கட்டைதான். பாரம் பின்னால் இருந்தபடியால், சற்றே கோணலாகத் தொட்டாலும் அவை தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட விபத்துகள் எண்ணிக்கையில் அதிகம்; உயிரை வாங்குவதில் குறைவு. கடைசித் திருப்பத்து விபத்துகளோ எண்ணிக்கையில் குறைவு. நேர்ந்தால் பிழைப்போர் அரிது. பள்ளிகளிலே முன்னதற்குக் காட்டும் சிரத்தையைப் போலப் பன்மடங்கு பின்னதற்குக் காட்ட வேண்டும்.

நமது கடற்கரைக்கு உரிய சில கஷ்டங்களும் இருக்கின்றன. கோடைக் காலத்தில் சென்னையில் முற்பகலில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து புகும். ஊரார் அதைக் கண்டு ஆறுதலடைகிறார்கள். மேல்காற்றில் புறப்பட்டுப் போன மாணவ விமானியோ, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது காற்று தலைகீழாக மாறியிருப்பதைக் காண்கிறான். எதிர்க்காற்றில் இறங்க வேண்டிய விமானம் பின்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகமும் ஓடும் தூரமும் கூடும். இன்னொன்று கேட்போர்க்கு வேடிக்கையாயிருக்கும். சென்னைப் புழுக்கத்தில், 25 டிகிரி உஷ்ணத்தில், விமான யந்திரத்துக்குள் பனிக்கட்டி உண்டாகக்கூடும்! கார்புரேட்டர் உள்ள பழைய ரக யந்திரங்களில், பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகிக் காற்றிலுள்ள ஈரம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. யந்திர பலத்தைக் குறைத்து இறங்கும் சமயத்திலேயே இது அதிகம் நேர்வது. அதற்கென்று சூடான காற்றைத் திறந்துவிடும் பிடி ஒன்று விமானத்தில் இருக்கிறது. திறக்க மறந்தால், இறங்குமுன் யந்திரம் ஓய்ந்துவிடும். குளிர் தேசத்து வியாதி என்று இதை எண்ணுவது பெரும் பிசகு.

யந்திரம் ஓய்ந்தபின் உயிர் தப்புவதற்கு ஒரு வழி உண்டு. கீரனூரில் அதைக் கண்டோம். தேசமே கதிகலங்கிய ஒரு நாளிலும் கண்டிருக்கிறோம். 1949 மார்ச் 29-ம் தேதி மாலையில், ராஜஸ்தான் ஐக்கியத்தை மறுநாள் துவக்கி வைப்பதற்காக ஸர்தார் வல்லபபாய் பட்டேல் டில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கு டவ் ரகச் சிறு விமானத்தில் சென்றார். மகள் மணிபென்னும் பாட்டியாலா மகாராஜாவும் உடனிருந்தனர். வழியில் யந்திரம் கெட்டது. விமானி ஜெய்ப்பூரை எப்படியாவது எட்டிவிட வேண்டுமென்று முயலாமல், வறண்ட ஆற்று மணலில் விமானத்தை இறக்கிவிட்டார். ஸர்தாருக்கு என்ன நேர்ந்ததோ என்று டில்லி இரவு வெகுநேரம் வரை தவித்தது. ஒருவருக்கும் காயமில்லை. அவர் திரும்பி வந்ததும் சட்டசபை எழுப்பிய கரகோஷத்தைப் பழைய பத்திரிகைகளில் இன்றும் படிக்கலாம். அந்த விமானி செய்தது என்ன? இடத்தைச் சீக்கிரம் தேர்ந்துகொண்டார். தேர்ந்த இடத்தில் கட்டுப்பாட்டோடு இறங்கினார். விமான மைதானம் அருகில்தானே என்று யந்திர பலமின்றித் திரும்ப முயன்று மாண்டவர்கள் உலகெங்கும் எத்தனையோ பேர்.

யந்திரமே நம்பத்தகாததாயிருந்தால் விமானியின் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நமது நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய ஹெச்.பி.டி.32 ‘தீபக்’ விமானத்தில் தாம்பரத்து ஆசிரியர்களும் நெடுங்காலம் பயிற்சி கொடுத்தார்கள். அதன் யந்திரம் நடுவானில் நிற்கும் வழக்கமுடையது என்ற புகார் வெகுநாளாக இருந்தும், 2009 ஜூலை 31-ல் மேதக் பக்கத்தில் இரண்டு விமானிகள் மாண்ட பிறகுதான் அந்த ரகம் முழுதும் நிறுத்தப்பட்டது. பிறகு 75 பிலாட்டஸ் விமானங்களை 2012-ல் ஸ்விட்ஸர்லாந்தில் வாங்க ஏற்பாடாயிற்று. சுதேசி விமானத்தை விட்டு விதேசியை வாங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சுதேசியத்தில் நாம் யாருக்கும் பின்வாங்கியவர்களல்ல. ஆனால் கதர் முரடாயிருந்தால் உடம்பு சற்று உறுத்தும். விமானம் முரடாயிருந்தால் உடம்பே மிஞ்சாது. விதேசி விமானமும் விழாத விமானமன்று. 2023 டிசம்பர் 4-ம் தேதி அதே மேதக் ஜில்லாவில் பிலாட்டஸ் விமானம் விழுந்து இருவர் மாண்டதும், இரண்டு வருஷத்துக்குள் திருப்போரூரில் இன்னொன்று வீழ்ந்ததும் அதற்கு அத்தாட்சி. 2023 மார்ச்சில் நமது ஹிந்துஸ்தான் தொழிற்சாலைக்கு 70 ஹெச்.டி.டி.40 பயிற்சி விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். தீபக் கற்பித்த பாடங்களை அவற்றில் உபயோகித்தால் அதுவே மெய்யான சுதேசியமாகும்.

இனி ‘விமானியின் தவறு’ என்ற முடிவைப் பற்றிச் சொல்லுவோம். பாதுகாப்புக்கான பார்லிமெண்டு நிலைக்கமிட்டி 2024 டிசம்பரில் தாக்கல் செய்த அறிக்கையின்படி, 2017 முதல் 2022 வரையிலான ஐந்து வருஷத்தில் விமானப் படைக்கு நேர்ந்த 34 விபத்துகளில் 19-க்குக் காரணம் விமானிகளின் மனிதத் தவறு. இதைப் படிப்பவர், பாதிக்கு மேற்பட்டவை கவனக்குறைவால் வந்தவை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் தவறு என்பது நோயின் பெயரேயன்றி நோய்க்குக் காரணமன்று. விமானி ஏன் தவறினார்? முந்திய இரவு தூங்கினாரா? அந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார்? அன்று காலையில் மேலதிகாரி அவரை அவசரப்படுத்தினாரா? ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று மாணவரும், மாணவர் கையில் பிடி இருக்கிறது என்று ஆசிரியரும் நினைத்தார்களா? இவற்றுக்கு விடையில்லாத வரையில் 19 என்பது ஒரு வெறும் எண்ணே.

1973 மே 31-ல் பாலம் விமான நிலையத்தருகே போயிங் விமானம் விழுந்து 65 பேரில் 48 பேர் மாண்டனர். அன்று தமிழ்நாடு இழந்தது மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலத்தையும், கோவைத் தொகுதியின் பிரதிநிதி பாலதண்டாயுதத்தையும். புழுதிப் புயலில் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமலே, அநுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே விமானி இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. முப்பத்தேழு வருஷம் கழித்து, 2010 மே 22-ல் மங்களூரில் 158 பேர் மாண்டனர். அங்கே விமானம் உயரமாகவும் வேகமாகவும் வந்தது. உதவி விமானி மூன்று முறை ‘மறுபடி மேலே போவோம்’ என்று சொன்னார். தலைமை விமானி செவிகொடுக்கவில்லை. உதவியாளரோ தாமே கைப்பிடியை வாங்கிக்கொள்ளவில்லை. இவை பெரிய விமானங்கள். ஆயினும் இறங்கும் தவறின் தத்துவம் சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே. இறங்குவது கோணலாகப் போகிறதென்று தெரிந்தால் உடனே யந்திரத்துக்கு முழு பலமும் கொடுத்து மேலே எழுந்து, மறுபடி சுற்றி வர வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெட்கம் இருக்கிறது. கீழே நிற்கும் சகாக்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம். பெட்ரோலும் நேரமும் செலவாகிறதே என்ற கூச்சம். வியாபார விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் தகப்பனார் வீட்டை அடமானம் வைத்துக் கட்டும் பணம் கரைகிறதென்று அறிந்த பையன், மறுபடி ஒரு சுற்று வர யோசிக்கிறான். இந்த யோசனையில் கழியும் நான்கு வினாடிகளை எந்த விசாரணைக்காரரும் அளப்பதில்லை.

மங்களூர் விஷயத்தில் இவ்வளவும் நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அறிக்கை பிரசுரமானதுதான். சிவில் விமான விபத்துகளை ஆராய 2012-ல் மத்திய சர்க்கார் விமான விபத்து விசாரணைப் பணியகத்தை ஸ்தாபித்தார்கள். சர்வதேச உடன்படிக்கையின் 13-வது அனுபந்தம் இத்தகைய விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று விதிக்கிறது. அறிக்கைகள் தாமதமாக வருகின்றன என்பது வேறு குறை. வருகின்றன என்பதே விசேஷம். கீரனூரில் இறங்கிய விமானத்துக்கு இந்த வழி உண்டு. திருப்போரூரில் விழுந்த விமானத்துக்கு? விமானப் படை விசாரணைக் கமிட்டி அமைத்தது. அத்தகைய கமிட்டிகளின் அறிக்கைகள் பொது ஜனங்களுக்கு வெளியிடப்படும் வழக்கமில்லை.

ராணுவ ரகசியம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. போர் விமானத்தின் ஆயுதம், ரேடார், போகும் வழி ஆகியவற்றை யாரும் கேட்கவில்லை. பயிற்சி விமானத்தின் யந்திரம் ஏன் நின்றது, அல்லது கடைசித் திருப்பத்தில் வேகம் ஏன் குறைந்தது என்பதில் எதிரிக்குக் கிடைக்கும் லாபம் யாது? 2018 மார்ச் 20-ல் இங்கிலாந்து விமானப் படையின் ‘ரெட் ஆரோஸ்’ கோஷ்டியைச் சேர்ந்த ஹாக் விமானம் ஒன்று, வேல்ஸ் தேசத்து வேலி தளத்தில் யந்திரம் நின்றதாகப் பாவித்து இறங்கும் அப்பியாசத்தில் விழுந்தது. பின்னாலிருந்த என்ஜினீயர் மாண்டார். தாழ்ந்த உயரத்தில், திருப்பத்தில், இறக்கை தாங்குசக்தியை இழந்ததே காரணம். அடுத்த வருஷமே அந்த விசாரணை அறிக்கையை அந்நாட்டு ராணுவ மந்திரி இலாகா பகிரங்கமாக வெளியிட்டது. விமானியின் களைப்பும் கவனச் சிதறலும்கூட அதில் பேசப்பட்டன. இதனால் அந்நாட்டின் பாதுகாப்புக்கு யாதொரு பங்கமும் வந்ததாகக் காணோம்.

ஆங்கிலேயர் போய்விட்டார்கள், அவர்கள் நம்மை அடக்குவதற்காகச் செய்த 1923-ம் வருஷத்து சர்க்கார் ரகசியச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. தங்கள் நாட்டில் அதற்கு மூலமான சட்டத்தின் மிகக் கடுமையான பிரிவை அவர்களே 1989-ல் எடுத்துவிட்டார்கள். எஜமானன் கழற்றி எறிந்த சட்டையை வேலைக்காரன் பத்திரமாக மடித்து வைத்திருப்பதற்கு ஒப்பாகவே நமது நிலை இருக்கிறது. பயிற்சி விமான விபத்துகளின் அறிக்கைகளை, ரகசியப் பகுதிகளை நீக்கி, குறித்த காலத்துக்குள் வெளியிடும்படி பார்லிமெண்டில் நமது பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும். எண்ணிக்கையைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது போதாது. செங்கற்பட்டு ஜில்லாவில் விழுந்த விமானத்தைப் பற்றிக் கேட்க அந்த ஜில்லாவின் பிரதிநிதிகளுக்கு முழு பாத்தியதை உண்டு.

சர்க்காரை மட்டும் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. இறங்கும் விமானம் சாதாரணமாக மூன்று டிகிரி சரிவில் வருகிறது. தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அதன் உயரம் சுமார் 52 மீட்டர்தான். அந்த வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதன்மேல் ஒரு செல்போன் கோபுரமும் எழுப்புகிறவர், விமானியின் சிறிய இடைவெளியை மேலும் சுருக்குகிறார். தாம்பரம் தளத்தைச் சுற்றிக் கட்டடங்களுக்கு உயரக் கட்டுப்பாடு இருப்பதும், விமானப் படையின் சம்மதம் வேண்டியிருப்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சம்மதம் வாங்கிய திட்டத்துக்கு மேல் இரண்டு மாடி ஏற்றலாமா என்று விசாரிப்பவர்களை நாம் அறிவோம். 2025 ஜூன் 12-ல் ஆமதாபாத்தில் விழுந்த விமானம் ஏறும்போது விழுந்ததுதான். ஆனால் அன்று மாண்ட 260 பேரில் 19 பேர் விமானத்தில் ஏறாதவர்கள் என்பதை இரண்டு மாடிக்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பறவைகளின் விஷயமும் இப்படியே. 1937-ம் வருஷத்து விமான விதிகளில் 91-வது விதி, விமான மைதானத்துக்குப் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளைக் கவரும்படி குப்பை கொட்டுவதையும் மிருகங்களை அறுப்பதையும் தடுத்தது. மீனம்பாக்கத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள்ளேயே பெருங்குடிக் குப்பைமேடு பல பத்து வருஷங்களாக வளர்ந்தது. தாம்பரத்தில் கன்னடபாளையத்துக் குப்பையைப் பற்றி ஜனங்கள் வெகுகாலம் முறையிட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளை நாம் குறை சொல்லவில்லை. அவை விமானத்துக்கு முன்னரே குடியேறியவை, தம் வழியும் காலமும் அறிந்தவை. குப்பைமேட்டின்மேல் வட்டமிடும் பருந்துக்கூட்டமே அபாயம். அதை அங்கே அழைத்து வந்தது நாம். 2025 மே, ஜூன் மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின்மேல் லேஸர் ஒளியைப் பாய்ச்சி விளையாடியவர்களும் நம்மவர்களே. இருட்டில் ஓடுபாதையின் விளக்குகளைத் தேடும் கண்ணில் அந்த ஒளி பட்டால் சில வினாடிகள் குருடுதான்.

போகிப் புகையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018 ஜனவரி 13-ம் தேதி காலையில் பனியும் போகிப் புகையும் கலந்து சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை மூடியதால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. பழையன கழிதலுக்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது எந்த சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? பழந்துணியையும் டயரையும் போகிக்கு முன்பே ஜனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி செய்து காட்டியிருக்கிறது. தாம்பரம் மாநகராட்சியும், அதன் எல்லைக்கு வெளியே மாடம்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள பஞ்சாயத்துகளும், வீதிதோறும் வண்டி அனுப்பி இதைச் செய்ய எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வார்டுகளில் ஊழியம் செய்யும் நமது தொண்டர்கள் மார்கழி பிறந்தவுடனே கவுன்ஸிலர்களைக் கண்டு இதைக் கேட்கலாம்.